வகுப்பறைக்கு வந்த பெட்டிகள்: கொடுத்தவர்களும் பெற்றவர்களும் பகிரும் அனுபவங்கள்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

1/2-யும் 1/3-யும் கூட்டச் சொன்னால், என் வகுப்பில் ஆண்டுதோறும் பலர் 2/5 என்று எழுதுவார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுவார்கள். மீச்சிறு பொது மடங்கு காணும் முறையைக் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டியிருக்கிறேன். தேர்வு வரை நினைவில் இருக்கும். விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் 2/5.

சென்ற ஆண்டு ஒரு குடும்பம், தங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், ஒரு பெட்டி நிறைய வண்ண மரக் கோல்களைக் கொடுத்தது. ஒரு சென்டிமீட்டர் வெள்ளைக் கோலில் தொடங்கி பத்து சென்டிமீட்டர் ஆரஞ்சுக் கோல் வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம். பெல்ஜியத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிசனேர் உருவாக்கியவை. 1952-இல் அவர் இதைப் பற்றி நூலும் வெளியிட்டார். பயிற்சிக் காலத்தில் படித்திருந்தேனே தவிர, கையால் தொட்டது அன்றுதான்.

முதல் நாள் பாடம் நடத்தவில்லை. விளையாட விட்டேன். கோபுரம் கட்டினார்கள், படிக்கட்டு அடுக்கினார்கள். நேரம் வீணாகிறதோ என்று எனக்குள் தவிப்புதான். ஆனால் மணி அடிப்பதற்குள், நான் சொல்லாமலே, சிவப்பு இரண்டு என்பதும் மஞ்சள் ஐந்து என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆறு சென்டிமீட்டர் கரும்பச்சைக் கோலை எடுத்து, "இதை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதி எது?" என்று கேட்டேன். இளம்பச்சையைக் காட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. இளம்பச்சையையும் சிவப்பையும் நீளவாக்கில் சேர்த்து வைத்தபோது மஞ்சள் கோல் அதற்குச் சரியாகப் பொருந்தியது. அதன் அருகில் கரும்பச்சையை வைத்தால் ஒரு வெள்ளை மட்டும் குறைகிறது. அதாவது 5/6. யாரும் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி அதற்குப் பிறகும் கோல்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஆரஞ்சுக் கோலின் பக்கத்தில் ஐந்து சிவப்புகளை அடுக்கி, இரண்டை மட்டும் பிரித்து எடுத்தாள். அதுதான் 2/5. அதையொட்டி, ஆரஞ்சில் பாதியான மஞ்சளை வைத்தாள். "டீச்சர், 2/5 என்பது பாதியைவிடச் சின்னதாக இருக்கிறதே. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிச் சின்னதாகும்?" என்று கேட்டாள். பிறகு தன் நோட்டில் இருந்த பழைய விடையைத் தானே அழித்தாள். இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பியதில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

இருந்த கோல்கள் மூன்று குழுக்களுக்குத்தான் போதுமாக இருந்தன. மீதிக் குழுக்களுக்கு அட்டையில் அளந்து வெட்டி வண்ணம் பூசினோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியைக் கையில் கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பும்படி அந்தக் குடும்பம் கேட்கவில்லை. நன்றிக் கடிதத்தில் அதற்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்.

அறிவியல் ஆசிரியர் ஒருவர்:

எங்களுக்கு வந்த பெட்டியில் ஒரு பழைய சூரியக் குடும்ப வரைபடம் இருந்தது. அதில் ஒன்பது கோள்கள். கழித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு சுவரில் மாட்டி, "இதில் இன்று பொருந்தாத ஒன்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றேன். புளூட்டோவைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006-இல் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதையும், தன் சுற்றுப்பாதையில் உள்ள மற்றப் பொருள்களை அது அகற்றிவிடவில்லை என்பதே காரணம் என்பதையும் ஒரு தாளில் எழுதி ஓரத்தில் ஒட்டினார்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று அதுவரை நான் வாயால் மட்டும் சொல்லி வந்தேன்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு விலையுயர்ந்த நுண்ணோக்கியைவிட இருபது கைலென்சுகள் மேல். நுண்ணோக்கி முன்னால் வரிசையில் நிற்கும் பிள்ளை, தன் முறை வருவதற்குள் எதைப் பார்க்க வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. கையில் லென்சு இருந்தால் இலை நரம்பிலிருந்து எறும்புக்கு, எறும்பிலிருந்து தன் விரல் ரேகைக்கு என்று அதுவே போய்க்கொண்டிருக்கும்.

பொருள் கொடுத்தவர் ஒருவர்:

நான் மறுபக்கத்தில் இருந்தவன். முதல் முறை வீட்டில் கிடந்த ஸ்கெட்ச் பேனாக்களை ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் காய்ந்துபோனவை. நான் ஒன்றைக்கூடத் தாளில் எழுதிப் பார்க்கவில்லை. அந்த ஆசிரியை குறை சொல்லவில்லை. அடுத்த முறை, "என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்ட பிறகு வாங்கினேன். அவர் தந்த பட்டியலில் இடக்கைக் கத்தரிக்கோல் மூன்று என்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வழக்கமான கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகித் தாள் மடங்குமாம், வெட்டும் கோடும் கண்ணுக்குத் தெரியாதாம். ஒரு சிறுவனைக் கை சரியில்லை என்று மற்றப் பிள்ளைகள் சொல்லி வந்தார்களாம். புதிய கத்தரிக்கோலால் அவன் வெட்டிய காகித வட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:

ஐயா, அந்த வட்டத்தைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. கோல்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கு: குழுவுக்கு ஒரு துணிப் பை தைத்திருக்கிறோம், வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளே எண்ணி வைக்கிறார்கள். கறுப்பு மட்டும் குறைவு. ஊதாவையும் இளம்பச்சையையும் சேர்த்து ஏழாக்கிக்கொள்கிறார்கள்.

அந்தச் சிறுமி இப்போது ஆறாம் வகுப்பு. நேற்று மாலை என்னைத் தேடி வந்தாள். தம்பிக்குக் காட்ட வேண்டுமாம். கரும்பச்சை ஒன்று, இளம்பச்சை இரண்டு, சிவப்பு மூன்று, மஞ்சள் ஒன்று போதும் என்றாள். திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்துப் போயிருக்கிறாள்.