மேசியா என்ற சொல் பற்றி ஒரு உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘மேசியா’ என்றே எழுதுகிறது. ஏசாயா 45:1-இல் பாரசீக அரசன் கோரேசுக்கும் எபிரேயத்தில் அதே ‘மஷீயாக்’ என்ற சொல்தான். ஆனால் அங்கே ‘அபிஷேகம்பண்ணின’ என்று வருகிறது. ஒரு மாணவி இரண்டு வசனத்தையும் பென்சிலால் கோடிட்டுக் கொண்டுவந்து, “ஏன் அக்கா இப்படி?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

சாமுவேல் தைலக்கொம்பை எடுத்துத் தாவீதின் தலையில் ஊற்றினாரே, அந்த எண்ணெய்தான் இந்தச் சொல்லின் வேர் என்பது வரை தெரியும். கிறிஸ்து என்பதும் அதன் கிரேக்க வடிவம்தான். ஆனால் மைமோனிடிஸ் என்ற இடைக்கால யூத அறிஞர் சொல்லும் மேசியா தாவீதின் வம்சத்து அரசன்; ஆலயத்தைக் கட்டி, சிதறிய இஸ்ரவேலரைச் சேர்க்க வேண்டியவர். கொல்லப்பட்டால் அவர் மேசியா அல்ல என்கிறார். நமக்கோ சிலுவைதான் மையம்.

அப்படியானால், மேசியா சங்கரிக்கப்படுவார், அதாவது கொல்லப்படுவார் என்று நாம் வாசிக்கும் தானியேல் 9:26-ஐ யூதர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? எபிரேயம் படித்தவர்கள் யாராவது விளக்குங்கள். அவர்கள் நம்பிக்கையைக் குறைத்துப் பேசாமல் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை. அடுத்த ஞாயிறுக்குள் கிடைத்தால் பெரிய உதவி.