எம்3 டிஃப் லீக்: நட்டில் மார்க் போட்டால் போதுமாம்!

ஸ்கார்பரோ எம்3:
"பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரின் பின் டிஃபில் (எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் பெட்டி) பினியன் சீல் (உள்ளே வரும் பல்சக்கரத் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையம்) கசிந்தால் நட்டில் பெயிண்ட் மார்க் போட்டுக் கழற்று, புது சீலைத் தட்டு, பழைய மார்க்குக்கே நட்டைத் திருப்பு, ஒரு சனிக்கிழமை வேலை" என்று கோவை லேத் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. இதை நம்பி நாலு பேர் செய்து பார்ப்பார்கள். என்னுடையது 2003 மாடல். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் மார்க் போட்டேன். ஒயில் கசிவு நின்றது, சரி. மூன்றாம் வாரம் 401 நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஊளை. காலை எடுத்தால் அடங்கும், மிதித்தால் திரும்ப வரும். இறக்கிப் பார்த்தால் பினியன் பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. நட்டுக்குப் பின்னால் உள்ள கிரஷ் ஸ்லீவ், அதாவது நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பேரிங் இறுக்கத்தை அமைக்கும் குழாய், ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப விரியாது. புது ஸ்லீவ் இல்லாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

கோவை லேத்:
அண்ணா, மார்க் போடச் சொன்னது நான் இல்லை, பிஎம்டபிள்யூ கையேடே அதைத்தான் சொல்கிறது. கழற்றும் முன் நட்டுக்கும் பினியன் தண்டுக்கும் மார்க், திருப்பும்போது இரண்டும் சேரும் இடத்தில் நிறுத்து, அதைத் தாண்டினால்தான் ஸ்லீவை மாற்று. நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். இம்பாக்ட் கன் வைத்து 'டர்ர்ர்' என்று விட்டால் மார்க் எங்கே நிற்கும்?

ஸ்கார்பரோ எம்3:
இம்பாக்ட் கன் என்று நான் எங்கே சொன்னேன்? நாலடிக் குழாய் மாட்டிக் கையால் திருப்பியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. பெயிண்ட் மார்க் இரண்டு மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்துக்குள்ளேயே பேரிங் இறுக்கம் மாறிவிடும். புது ஸ்லீவ்!

கிளாங் டிராக்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிரீதரைப் பார்த்தீர்களா? டிஃப் சூடாகும்போது உள்ளே காற்று விரியும், மூச்சுத் துளை சேற்றில் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீலைத் தாண்டி எண்ணெயைத் தள்ளும். செபாங் ரேஸ் தடத்தில் ஓட்டிவிட்டு வந்த பிறகு மட்டும் என் காரில் கசிந்தது. பிரீதரைத் துடைத்தேன், நின்றது. சீலைத் தொடவே இல்லை.

ஸ்கார்பரோ எம்3:
பிரீதர் வேறு கதை. இங்கே பேச்சு ஸ்லீவ் பற்றி.

புது ஓனர்:
வணக்கம். எனக்கு இடது பக்கம், ஆக்சில் வந்து சேரும் இடத்தில்தான் ஈரம். கறுப்பு மண் ஒட்டியிருக்கிறது, கந்தக வாடை. நானும் பினியன் நட்டைக் கழற்ற வேண்டுமா?

கோவை லேத்:
கழற்றினால் மார்க் போட்டுக் கழற்றுங்கள்.

ஸ்கார்பரோ எம்3:
பாருங்கள், கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன! தம்பி, மார்க் மார்க் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறீர்களே, கழற்றும் முன் பினியனைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று டயல் ரெஞ்சில் ஒரு தடவையாவது அளந்தீர்களா? பழைய பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பழைய மார்க்குக்குப் போனால் பழைய தளர்வுதான் திரும்ப வரும், கொஞ்சம் கூடினால் பேரிங் வேகும்.

கிளாங் டிராக்:
புது ஓனர், உங்களுடையது பக்கவாட்டு சீல். அதற்கும் பினியன் நட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆக்சிலைப் பிரித்துத் தொங்கவிட்டு, ஆக்சில் மாட்டும் தட்டான ஃபிளாஞ்சை இரண்டு லிவரால் நெம்பினால் வந்துவிடும், உள்ளே ஒரு ஸ்னாப் ரிங்தான் பிடித்திருக்கும். ஃபிளாஞ்சில் சீல் உதடு உரசிய இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, புது சீலும் கசியும். சீலின் சுருள் கம்பி எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும், தட்டும்போது அது தெறிக்காமல், சீலில் அந்தக் கம்பி உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் அப்புங்கள். எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகியிருக்க, கீழே வடித்துவிட்டால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கோவை லேத்:
ஸ்கார்பரோ அண்ணா, எங்கள் அப்பா பீளமேட்டில் முப்பது வருடமாக லேத் போட்டிருக்கிறார். லாரி கிரவுன் பினியன் எத்தனையோ அந்தக் கொட்டகையில் ஏறி இறங்கியிருக்கிறது. எல்லாம் மார்க்தான். ஒன்றும் ஊளையிடவில்லை. அப்புறம் அது 'ஒயில்' இல்லை, ஆயில். ஒயில் என்றால் ஒயிலாட்டம்.

ஸ்கார்பரோ எம்3:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒயில் என்றுதான் சொல்வோம், உங்கள் அனுமதி தேவையில்லை. லாரி ஊளையிட்டால் லாரிக்காரருக்கு எப்படிக் கேட்கும்? எம்3 எஞ்சின் 8000 சுற்று போகும். கிளட்சை விட்டதும் அந்த அடி முழுவதும் போய் விழுவது பினியன் பேரிங்கில். போன வருடம் பிரேக் ஒயில் விஷயத்திலும் இப்படித்தான், டாட் 3 ரகமும் டாட் 5 ரகமும் ஒன்று என்று எழுதிவிட்டு அழித்தீர்கள். நான் மறக்கவில்லை.

கோவை லேத்:
அது டாட் 5.1. புள்ளி விட்டுப்போனது. 3ம் 5.1ம் ஒரே கிளைகோல் இனம்தான். அதைப் பிடித்துத் தொங்குகிறவர் தன் நட்டை எங்கே நிறுத்தினார் என்று இன்னும் சொல்லவில்லை. மார்க்கிலா, மார்க்கைத் தாண்டியா?

புது ஓனர்:
கிளாங் அண்ணா, நகம் லேசாக மாட்டுகிறது.

கிளாங் டிராக்:
அப்போது ஃபிளாஞ்ச் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தை மூடும் ஸ்பீடி ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறை ஒன்றை அதன் மேல் ஏற்றலாம்.

ஸ்கார்பரோ எம்3:
பார்த்தீர்களா, அவரே ஸ்லீவ் போடச் சொல்கிறார்!

கிளாங் டிராக்:
அது வேறு ஸ்லீவ்.

ஸ்கார்பரோ எம்3:
மார்க்கில்தான் நிறுத்தினேன், நாலாவது தடவையாகச் சொல்கிறேன். புது ஓனர், கீழே படுத்திருக்கும்போதே சப்ஃபிரேம் (டிஃபைத் தாங்கும் பின் சட்டம்) மாட்டும் தரைத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இ46இல் அது தெரிந்த வியாதி. பினியன் சீலும் என்றாவது போகும். அன்றைக்குப் புது ஸ்லீவ்.

கோவை லேத்:
நாலாவது தடவையா? இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.