ஃப்ரீஹோல்டரையே காணோம், கூரை ஒழுகுது, யார்கிட்ட போய் கேக்கறது?

மேல்மாடிக்காரன்:
லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பழைய விக்டோரியன் வீட்டை நாலு ஃப்ளாட்டா பிரிச்சதுல மேல இருக்கறது என்னுது, 2016ல லீஸ்ல வாங்கினேன், அதாவது ஃப்ளாட் குறிப்பிட்ட வருஷத்துக்குத்தான் எனக்கு, நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டரோடது. அப்பவே சொலிசிட்டர் ஃப்ரீஹோல்டர்கிட்டேர்ந்து பதிலே வரல, பின்னாடி நஷ்டம் வந்தா ஈடு கட்ட ஒரு இன்டெம்னிட்டி பாலிசி போட்டுக்கலாம்னார், நானும் தலையாட்டிட்டேன், கிரவுண்ட் ரென்ட்னு அவருக்குக் கட்டற நில வாடகையைக் கேக்க ஆளில்லையேனு உள்ளுக்குள்ள சந்தோஷம் வேற. இப்ப கூரை ஒழுகுது. லீஸ்படி கூரை அவர் பொறுப்பு. அரசாங்க நிலப்பதிவு ரெஜிஸ்டர்ல இருக்கற அவர் அட்ரஸுக்கு மூணு லெட்டர் போட்டேன், மூணும் திரும்பி வந்துடுச்சு. கீழ் வீட்டுக்காரர் "எனக்கு ஒழுகலையே"ங்கறார். ரெண்டு வின்டர் பக்கெட்லயே ஓடிடுச்சு. வித்துட்டுப் போயிடலாம்னு பாத்தா, வாங்க வந்தவரோட பேங்க் லீஸ் 82 வருஷம்தான் இருக்கு, பில்டிங் இன்சூரன்ஸ் யார் பேர்லனு கேட்டுட்டு கையை விரிச்சுட்டாங்க. யாராச்சும் இதுல மாட்டியிருக்கீங்களா?

ஹாரோ அக்கா:
தம்பி, 82 எண்டா நித்திரை கொள்ளாதேங்கோ. 80க்குக் கீழ போனா, லீஸை நீட்டேக்க வீட்டு விலை கூடுறதில ஒரு பங்கு, மேரேஜ் வேல்யூ எண்டு இன்னொரு தொகை சேரும். 2024 சட்டத்தில அதை எடுக்கிறதெண்டு எழுதிக் கிடக்கு, ஆனா அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரேல்ல. ஆளைக் காணேல்ல எண்டாலும் லீஸை நீட்டலாம், 1993ஆம் ஆண்டுச் சட்டம், செக்‌ஷன் 50. தேடினனான், கிடைக்கேல்ல எண்டு கவுண்டி கோர்ட்டில காட்டோணும், அதால திரும்பி வந்த கடித உறையளை எறிஞ்சு போடாதேங்கோ. விலையை சொத்து வழக்குகளைப் பாக்கிற ட்ரிபியூனல் சொல்லும், காசைக் கோர்ட்டில கட்டினா அந்தாளுக்குப் பதிலா கோர்ட் சொல்லுற ஆள் கையெழுத்து வைக்கும். 90 வருஷம் கூடும், கிரவுண்ட் ரென்டும் இல்லாமப் போகும். நாங்கள் செய்தனாங்கள், ஒண்டரை வருஷம் இழுபட்டது. காணாமப் போன மனுசனுக்காக சொலிசிட்டர் காசு, சர்வேயர் காசு எல்லாம் நாங்கள்தான் கட்டினது, அந்த எரிச்சல் இன்னும் போகேல்ல.

குரொய்டன்வாசி:
அக்கா சொன்னது லீஸுக்கு. கூரைக்கு ரைட் டு மேனேஜ், அதான் கட்டட நிர்வாகத்தை ஃப்ளாட்காரங்களே எடுத்துக்கற உரிமை, அதைப் பாருங்க ப்ரோ, 2002 சட்டம். ஃப்ரீஹோல்டர் மேல தப்புனு நிரூபிக்கவே வேணாம், நாலுல ரெண்டு ஃப்ளாட் சேந்தா போதும், ஆள் கிடைக்கலன்னா ட்ரிபியூனல்ல மனு போடலாம். அப்புறம் ஒழுகலையேங்கறவரும் லீஸ்ல இருக்கற பங்கைக் குடுத்தாகணும். ஆனா ஒரு ஆளுக்கு 250 பவுண்டுக்கு மேல வர்ற வேலைன்னா, மத்தவங்ககிட்ட முன்னாடியே கருத்துக் கேக்கற செக்‌ஷன் 20 நோட்டீஸ் குடுத்துட்டு ஆரம்பிங்க, இல்லன்னா 250க்கு மேல கேக்க முடியாம போயிடும். கிரவுண்ட் ரென்ட் காசையும் தனியா எடுத்து வைங்க. நோட்டீஸ் வராத வரைக்கும் கட்ட வேணாம்தான், ஆனா நாளைக்கே ஒருத்தர் முளைச்சு முறைப்படி கேட்டா 6 வருஷ பாக்கி குடுக்கணும்.

பழைய கணக்குப்பிள்ளை:
எல்லாரும் கோர்ட்டுக்கு ஓடறீங்களே, முதல்ல அந்த ரெஜிஸ்டர்ல இருக்கறது ஆளா கம்பெனியா? கம்பெனின்னா, கம்பெனிகளைப் பதிவு பண்ற கம்பெனீஸ் ஹவுஸ் வெப்சைட்ல பேரைப் போட்டுப் பாருங்க, காசு கிடையாது.

மேல்மாடிக்காரன்:
அய்யா உங்களுக்குக் கோடி புண்ணியம். கம்பெனிதான். நான் வாங்கறதுக்கு முன்னாடியே டிசால்வ் ஆயிருக்கு! அப்போ சொலிசிட்டர் இதைக்கூட பாக்கலையா?

பழைய கணக்குப்பிள்ளை:
அப்போ ஃப்ரீஹோல்டர் தொலையல தம்பி, செத்துட்டார். கம்பெனி கலைஞ்சா அது பேர்ல மிச்சமிருக்கற சொத்து, உரிமையாளர் இல்லாத சொத்துங்கற கணக்குல (bona vacantia) அரசருக்குப் போயிடும். செக்‌ஷன் 50 காணாமப்போனவங்களுக்கான வழி, உங்களுக்கு அது இல்ல. அந்த மாதிரி சொத்தைப் பாத்துக்கற அரசாங்க வக்கீல், ட்ரெஷரி சொலிசிட்டர்கிட்ட எழுதுங்க, ஃப்ரீஹோல்டை சந்தை விலைக்கு விப்பாங்க. ஆனா கூரையெல்லாம் ரிப்பேர் பண்ணித் தர மாட்டாங்க, அந்த ஆசை வேணாம்.

மேல்மாடிக்காரன்:
ஆக இத்தனை நாளா ராஜா வீட்டுக் கூரைக்கு அடியில பக்கெட் வெச்சிருக்கேன். நேத்து மத்த மூணு வீட்லயும் பேசினேன், ஃப்ரீஹோல்ட்ல பங்குன்னதும் கீழ் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஏணியோட வர்றேன், எங்க ஒழுகுதுனு பாத்துடலாம்ங்கறார்.