டொக்டர் எழுதித் தரும் துண்டு இல்லாமல் பிசியோவிடம் (இயன்மருத்துவரிடம்) போனவர்கள் இருக்கிறீர்களா?

வெள்ளவத்தை அக்கா:
அம்மாவுக்கு வலது தோள் இறுகி ஆறு மாதம். கொண்டை போடக்கூடக் கை எழும்பாது. டொக்டரிடம் நம்பர் எடுத்து, இரவு ஒன்பது மணி மட்டும் காத்திருந்தோம். இரண்டே நிமிடத்தில் "பிசியோதெரபி செய்யுங்கோ" என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டுக்குத்தான் இவ்வளவு காசும் அலைச்சலும். நேரே பிசியோவிடம் போயிருக்கலாமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நான் போனேன் அக்கா. நாரிப்பிடிப்பு. தனியார் இடம், துண்டு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் தடவையோடு சரியாகிவிட்டது. அடி விழுந்தது அப்புறம்தான். பில்களை வேலைத்தல இன்சூரன்சுக்கு அனுப்பினால், டொக்டர் கடிதம் எங்கே என்று திருப்பிவிட்டார்கள். பிறகு வாங்கிய கடிதமும் செல்லாதாம், திகதி முந்தியதாக இருக்க வேண்டுமாம். நாரி நிமிர்ந்தது, பர்ஸ்தான் மடங்கிப்போனது.

தெகிவளை ரீச்சர்:
நான் போன அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருந்தால்தான் பிசியோ அறைக்குள் விட்டார்கள்.

மகன் நியூயோர்க்கில். அங்கே சட்டத்திலேயே கணக்கு உண்டு: துண்டு இல்லாமல் 10 தடவை அல்லது 30 நாள், எது முந்துகிறதோ அதுவரை. அப்படிப் பார்க்கிற பிசியோவுக்கு மூன்று வருட அனுபவமாவது வேண்டும். இன்சூரன்ஸ் காசு கிடைக்காமல் போகலாம் என்று முதலே எழுத்தில் தரவும் வேண்டும். தம்பிக்கு அப்படி ஒரு கடதாசி கிடைத்திருந்தால்! கலிபோர்னியாவில் 12 தடவை அல்லது 45 நாள். 2015 இலிருந்து அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஓர் அளவுக்கு நேரே போகலாம்.

மட்டக்குளி ஐயா:
என் கதை வேறு. ரொறொன்ரோவில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிளேனில் காலை மடக்கி இருந்த பிடிப்பு என்று மனைவி தைலம் போட்டா. குறையவில்லை. நன்றாக உருவிவிடுவார்கள் என்று துண்டு கிண்டு இல்லாமல் ஒரு பிசியோவிடம் போனேன். சின்னப் பெடியன். சாரத்தைச் சுருட்டச் சொன்னான். உருவவில்லை. இரண்டு முழங்காலுக்கும் கீழே ஒரே தூரத்தில் பேனையால் புள்ளி வைத்து, தையல் நாடா மாதிரி ஒன்றால் சுற்றி அளந்தான். இடது கால் 4 சென்ரிமீற்றர் கூட. எத்தனை மணித்தியாலம் பிளேனில் இருந்தேன், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டான். "ஐயா, இதில நான் கை வைக்க மாட்டன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கான் எடுங்கோ." காசும் வாங்கவில்லை. ஸ்கானில் நாளத்துக்குள் இரத்தக் கட்டி. உருவியிருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டொக்டர்.

பதிவு இருக்கிற ஆளிடம் போனதால் தப்பினேன். இலங்கை மருத்துவ சபையில் பிசியோக்களும் பதிவு செய்கிறார்கள். இலக்கத்தைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பெயர்ப்பலகை எழுதி மாட்ட யாராலும் முடியும்.

வெள்ளவத்தை அக்கா:
ஐயா, வாசித்துவிட்டு அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தேன்! துண்டை எறியவில்லை தம்பி, பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு முதல் தடவை. இலக்கத்தையும் கேட்கிறேன்.