முப்பதுக்கு நாற்பது மனை: பாதாளச் சாக்கடை இணைப்பா, உறை இறக்குவதா?

புதுமனை:
போரூர் பக்கம் அரை கிரவுண்டில் (30க்கு 40 அடி) வீடு கட்டுகிறேன், பேஸ்மட்டம் முடியப்போகிறது. தெருவில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இரண்டும் இருக்கின்றன. மேஸ்திரியோ "கழிவுநீருக்குப் பின்னால் குழி தோண்டி, கான்கிரீட் வளையம் அடுக்கி உறை இறக்கிடலாம் சார், கிணறும் இருக்கு, இணைப்புக்கு எதுக்குப் பணம்?" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி:
மேஸ்திரி சொல்வதுதான் சரி. 2019-இல் ஏரிகள் வற்றி ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்றபோது எங்களைக் காப்பாற்றியது எங்கள் கிணறுதான். சாக்கடை இணைப்பு வாங்கிய எதிர்வீட்டில் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கீழ்த்தளக் குளியலறையில் கழிவுநீர் பொங்கி வருகிறது, அந்த அம்மா பக்கெட்டில் அள்ளிக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். டெபாசிட், ரோடு வெட்டும் கட்டணம், பிளம்பர் கூலி என்று இத்தனையும் கொடுத்து அதை வாங்க வேண்டுமா?

நீரோட்டம்:
கிணற்றடி சார், உங்கள் கிணற்றைக் காப்பாற்றத்தான் இணைப்பு வேண்டும் என்கிறேன். உறை என்பது அடியில் கான்கிரீட் இல்லாத குழி, அதில் விழும் அத்தனையும் மண்ணுக்குள்தான் இறங்குகிறது. குடிக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து இப்படிக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கே 50 அடிதான்! புதுமனை சாரின் மனைக்குள் அந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது, பக்கத்து வீட்டுக் கிணறு இன்னும் கிட்டத்தில் இருக்கும். தெளிவாக இருக்கிறது என்று நம்பிக் குடிக்கிறோம், ஒருமுறை கொடுத்துப் பரிசோதித்துப் பாருங்கள், நான் பார்த்த பிறகுதான் மாறினேன். பணம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே முன்பணம் கட்டினார்கள், அதுவும் குழாய் பதிப்பதற்கு முன்பே. இவருக்கோ குழாய் வாசலில் இருக்கிறது.

கிணற்றடி:
எதிர்வீட்டில் பொங்குவதற்குப் பதில் சொல்லவில்லையே?

பைப்லைன்:
நான் சொல்கிறேன், 22 வருஷமாக இதே வேலைதான். பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, மொட்டைமாடி மழைநீரைக் கொண்டுபோய்ச் சாக்கடைச் சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சின்னத் தொட்டி) விட்டுவிடுகிறார்கள், தெருவில் பத்து வீடு அப்படிச் செய்தால் அந்தக் குழாய் எப்படித் தாங்கும்? மழைத்தண்ணீர் கிணற்றுக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோதான் போகவேண்டும், 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். இன்னொன்று மட்டம். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துவிடுகிறது, வீட்டுக் குளியலறை தெரு மேன்ஹோல் மூடிக்குக் கீழே போய்விடுகிறது, அடைத்தால் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் வரும். புதுமனை சார், தரை கான்கிரீட் போடுவதற்கு முன் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்து மேன்ஹோல் மூடி எங்கே, உள்ளே குழாய் எவ்வளவு ஆழத்தில் என்று அளந்துவிடுங்கள். நாலு இஞ்ச் பைப்புக்கு அறுபது அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் வேண்டும், திருப்பம் வரும் இடத்திலெல்லாம் சேம்பர் வேண்டும். கடைசிச் சேம்பரில் தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு வால்வு. இதை இப்போது செய்தால் ஒருநாள் வேலை, டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் வீட்டையே உடைக்கணும்.

கிணற்றடி:
மட்டம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், எதிர்வீடு ரோட்டை விடப் பள்ளம்தான். ஆனாலும் கிணற்றை மூடாதீர்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் நம்புகிற வீடு கோடையில் திண்டாடும்.

நீரோட்டம்:
மூடச் சொல்லவே இல்லையே சார். சமைக்க, குடிக்கக் குழாய்த் தண்ணீர் சம்ப்புக்கு (தரையடித் தொட்டி) வரட்டும், மற்றதற்குக் கிணறு. இரண்டு பைப்பையும் எங்கேயும் நேராகச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைவீடு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது பழைய வீடு, போன மாதம்தான் சாக்கடை இணைப்பு கிடைத்தது. பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இரண்டு பேரை உள்ளே இறக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா?

பைப்லைன்:
வேண்டவே வேண்டாம். விஷவாயுவில் ஒரு நிமிடத்தில் உயிர் போய்விடும், கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து மேலே நின்றபடியே உறிஞ்சச் சொல்லுங்கள், பிறகு மணல் நிரப்பி மூடிவிடலாம். வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.

புதுமனை:
உறை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. நாளைக் காலை மேன்ஹோல் மட்டம் அளக்கப்போகிறோம். பைப்லைன் அண்ணா, அளவை இங்கே போடுகிறேன், பேஸ்மட்டம் உயரம் போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.