‘பொய்த்த மாற்று’: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஆங்கிலத்தில் ‘forever chemicals’ எனப்படும், சூழலில் நிலைத்து நிற்கும் புளோரின் சேர்மங்களுக்கு வந்த தமிழ்ப் பரிந்துரைகளில் ‘சாவா வேதிப்பொருள்’ எனக்கு உடன்பாடில்லை. ‘சாவா’ என்றதும் வள்ளுவரின் ‘சாவா மருந்து’ முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நஞ்சுக்கு அமிழ்தின் அடைமொழி எதற்கு? ‘அழியா’வும் புகழோடு ஒட்டிப் பழகிய சொல். கார்பனுக்கும் புளோரினுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியலின் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று. வெயிலும் நுண்ணுயிரும் அதை எளிதில் உடைப்பதில்லை. ஆகவே ‘சிதையாச் சேர்மம்’ என்றாலே போதும்.

என்னை அலைக்கழித்தது அடுத்த சொல்தான். தீங்கான ஒன்றை விலக்கிவிட்டு, அதே தீங்குள்ள இன்னொன்றை அந்த இடத்தில் வைப்பதற்கு (ஆங்கிலத்தில் ‘regrettable substitution’) ‘வருந்தத்தக்க பதிலீடு’ என்று பட்டியலில் எழுதியிருக்கிறோம். இரங்கல் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. ‘சேர்ம மாறாட்டம்’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆள்மாறாட்டத்தை நினைவூட்டும் நல்ல குறும்பு. ஆனால் மாறாட்டம் என்றால் மோசடி. மாற்றியவர் எல்லோரும் தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று ஒரு கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஒரு குடும்பக் கதையைப் பாருங்கள். எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட பிஎஃப்ஓஎஸ் (PFOS) என்ற புளோரின் சேர்மம், நிலைத்து நிற்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009இல் ஏறியது. சில பயன்பாடுகளில் அதன் இடத்துக்கு வந்தது ஆறு கார்பன் கொண்ட தம்பி (அவன் பெயரை எழுதினால் நாக்கு சுளுக்கும்). 2022இல் தம்பியும் அதே பட்டியலில் சேர்ந்தான். கார்பன் சங்கிலி இன்னும் குட்டையானால் உடலில் தேங்குவது பொதுவாகக் குறையலாம். ஆனால் நீரோடு எளிதில் ஓடிவிடும், கரி வடிகட்டியிலும் சரியாகப் பிடிபடாது.

இதற்குத்தான் ‘பொய்த்த மாற்று’ என்கிறேன். மழை பொய்த்தது என்கிறோம். மேகத்தின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. நம்பியது நடக்கவில்லை என்பது மட்டும் அதில் இருக்கிறது. ‘பிழைமாற்று’ வேண்டாம், பிழைதிருத்தம் என்று படித்துவிடுவார்கள்.

அப்படியானால் நல்லதை ‘மெய்ம்மாற்று’ எனலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நீரும் எண்ணெயும் ஒட்டாதிருக்கத் துணியில் பூசும் புளோரின் சேர்மங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றுக்குப் பதிலாக வரும் மெழுகும் சிலிக்கோனும் நீரை உருட்டிவிடும், எண்ணெயைத் தடுக்காது. மழைச் சட்டைக்கு அது தாராளம். எண்ணெயும் ஊடுருவக் கூடாத பாதுகாப்பு உடைக்குப் பற்றாது. ஒரு வேலைக்கு மெய்யானது இன்னொரு வேலைக்கு மெய்யாகாது. அதனால் ‘பாதுகாப்பான மாற்று’ என்றே வைத்து, எந்தப் பயனுக்கு என்பதை உடன் எழுதுவோம். பிஎஃப்ஓஏ (PFOA) என்பதும் இதே குடும்பத்து எட்டு கார்பன் அண்ணன்தான்; பொருள்களின் மேல் வரும் ‘பிஎஃப்ஓஏ இல்லாதது’ என்ற முத்திரையையும் ‘புளோரின் சேர்மமே இல்லாதது’ என்று பெயர்த்துவிட வேண்டாம். அண்ணன் இல்லாத வீட்டில் தம்பி இருக்கலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பட்டியலில் ஏற்றுபவருக்கு ஒரு வேண்டுகோள்: ‘சிதையாச் சேர்மம்’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர், ஒற்று மிகும். போன முறை போல ‘ச்’சை விழுங்கிவிடாதீர்கள்.