காலையில் விழும் ஆர்.சி.சி.பி.: வணிகச் சமையலறை வயரிங் குறித்து ஓர் ஐயம்

கேள்வி

எங்கள் சமையலறையில் 9 கிலோவாட் மூன்று ஃபேஸ் அவன் ஒன்றும், தலா 3 கிலோவாட் எண்ணெய்ப் பொரிப்பான் இரண்டும், பாத்திரம் கழுவும் இயந்திரமும், குளிர்சாதனப் பெட்டிகளும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (தரைக்கு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் இயங்குகின்றன. விடுமுறைக்கு மறுநாள் காலையில் பொரிப்பான்களைப் போட்டவுடன் அது விழுந்துவிடுகிறது. ஓரிரு முறை முயன்ற பின் நின்றுகொண்டால், அன்று முழுவதும் தொல்லை இல்லை. வயரிங் பார்க்க வந்தவர், ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு எம்.சி.பி. மட்டும் போதும் என்கிறார். ஈரத் தரையில் நின்று வேலை செய்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1

தயவுசெய்து அதை எடுக்க விடாதீர்கள். எம்.சி.பி. மிகை மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே தடுக்கும். ஒருவர் உடல் வழியாகத் தரைக்குச் செல்லும் சில பத்து மில்லி ஆம்பியர் அதன் கண்ணில் படவே படாது.

நீங்கள் சொல்லும் அறிகுறி, பொரிப்பானைச் சூடாக்கும் எலிமென்டில் ஈரம் ஏறியிருப்பதையே காட்டுகிறது. எலிமென்டின் உள்ளே கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சும்மா கிடக்கும் நாளில் முனை வழியே ஈரம் புகுந்து காப்புத்தடை குறைகிறது, சூடேறியதும் காய்ந்து சரியாகிவிடுகிறது. தடை 0.02 மெகாஓமுக்கு இறங்கினால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 மில்லி ஆம்பியர் வரை கசியும். இரண்டு பொரிப்பான்களும் ஒரே ஃபேஸில் இருந்தால் அது 22 ஆகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதால், உங்களுடையது கெட்டுப்போகவில்லை, ஒழுங்காகவே வேலை செய்கிறது.

எனவே மின்பணியாளரைக் கொண்டு ஒவ்வொரு எலிமென்டையும் தனியே கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (காப்புத்தடையை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருப்பதை உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். உலர்ந்த பிறகும் ஏறாவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்துக் காயவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும். நிலையான தீர்வு, ஒவ்வொரு பெரிய சாதனத்துக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்வது) வைப்பதே. அப்படிச் செய்தால் பொரிப்பானில் கசிவு வந்தாலும் குளிர்சாதனப் பெட்டி நிற்காது.

கேட்டவர்

மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் ஒரு பொரிப்பானின் எலிமென்ட் உலர்த்திய பிறகும் 0.1 மெகாஓமைத் தாண்டவில்லை, மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த வாய்ப்பிலேயே வயரிங்கையும் புதுப்பிக்க எண்ணுகிறேன். இப்போது மூன்று சர்க்யூட்டுகளின் வயர்கள் ஒரே கான்ட்யூட்டில் (வயர் செல்லும் குழாய்), புகைபோக்கிக் கூண்டின் மேற்புறமாகச் செல்கின்றன. அதே வழியில் புது வயர் இழுக்கலாமா?

பதில் 2

வேண்டாம். வயரின் மின்தாங்கு திறன் பொதுவாக 30 டிகிரி காற்றுக்குக் கணக்கிடப்பட்டது. கூண்டின் மேல் 50 டிகிரி நிலவினால் பி.வி.சி. வயருக்கு 0.71 என்ற காரணியால் பெருக்க வேண்டும். மூன்று சர்க்யூட்டுகள் சேர்ந்து சென்றால் மேலும் 0.70. ஆக, 32 ஆம்பியர் தாங்கும் என்று நம்பி இழுத்த வயர் 16 ஆம்பியருக்கு வந்து நிற்கிறது. அதன் தலையில் 20 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. எக்ஸ்.எல்.பி.இ. (பி.வி.சி.யைவிடக் கூடுதல் வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) காப்பிட்ட கேபிளுக்கு வெப்பக் காரணி 0.82 என்பதால் ஓரளவு தாங்கும், ஆனாலும் வழியை மாற்றுவதே சிறந்தது. எண்ணெய்ப் பசை படியப் படியப் பி.வி.சி. தன் நெகிழ்வை இழந்து இறுகி விரிசல் விடும் என்பதையும் மறக்க வேண்டாம். புகைக் குழாயின் உள்ளே எந்த வயரும் செல்லக் கூடாது.

நீர் பீய்ச்சிக் கழுவும் சுவர்களில் சாக்கெட்டும் ஐசொலேட்டரும் (சாதனத்தின் மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டிக்கும் சுவிட்ச்) குறைந்தது ஐ.பி. 65 தரத்தில், அதாவது தூசியும் பீய்ச்சும் நீரும் புகாதவையாக இருக்கட்டும். ஐசொலேட்டரைப் பொரிப்பானுக்கு நேர் மேலே வைத்துவிடாதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அந்தச் சுவிட்சை அணைக்க யாரும் கையை நீட்ட முடியாது. கூண்டில் தானியங்கித் தீயணைப்பு அமைப்பு இருந்தால், அது இயங்கும் அதே கணத்தில் அடியிலுள்ள எல்லா வெப்பச் சாதனங்களின் மின்சாரமும், எரிவாயு வால்வும் துண்டிக்கப்படும்படி ஷன்ட் ட்ரிப் (வெளியிலிருந்து வரும் சைகையால் பிரேக்கரை விழச்செய்யும் அமைப்பு) இணைத்து, மீண்டும் இயக்குவதைக் கையால் மட்டுமே செய்ய முடியுமாறு அமைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் நிற்காவிட்டால், அணைந்த எண்ணெய் அடுத்த சில நிமிடங்களில் மறுபடியும் பற்றிக்கொள்ளும்.